செல்ஃப் வாட்டரிங் தொட்டி: எந்த வேருக்கு வரம், எந்த வேருக்கு வம்பு

அடியில் உள்ள நீர் அறையிலிருந்து மண் தானே தண்ணீரை இழுத்துக்கொள்ளும் செல்ஃப் வாட்டரிங் தொட்டியின் அட்டைப்பெட்டியில் ‘எல்லாச் செடிகளுக்கும் ஏற்றது’ என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியை விட்டால் மற்றதெல்லாம் பெரும்பாலும் உண்மைதான். தண்ணீர் ஊற்றும் வேலை குறைகிறது, மண் ஒரே சீராக ஈரமாக இருக்கிறது, தரையில் தண்ணீர் வழிவதில்லை. ஆனால் இந்தத் தொட்டி செடிக்குத் தண்ணீரை மட்டும் தருவதில்லை, ஒரு சூழலையே தருகிறது. அடியில் எந்நேரமும் ஈரம், நடுவில் ஈரமும் காற்றும் கலந்த மண், மேலே இரண்டு விரற்கடைக்குக் காய்ந்த மண். ஓடைக்கரையிலும் காட்டு நிழலிலும் வளர்ந்து பழகிய செடி இதில் கொழிக்கும். பாறை இடுக்கில், மழை பெய்த மறுநாளே காய்ந்துவிடும் மண்ணில் வளர்ந்த செடி இதே தொட்டியில் அழுகும். ஆகவே வாங்குமுன் தொட்டியின் நிறத்தைவிட, அதில் வைக்கப்போகும் செடியின் இலையையும் வேரையும் பார்ப்பது முக்கியம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அதிகமாகக் கிடைக்கும் இரட்டை அடுக்குப் பிளாஸ்டிக் வகை. சுமார் 25 செ.மீ. விட்டம், 2 லிட்டர் பிடிக்கும் நீர் அறை. உறுப்புகள் ஐந்தே: மண் நிரப்பும் உள்தொட்டி, அதன் அடியிலிருந்து நீர் அறைக்குள் இறங்கும் துளையிட்ட கால், வெளித்தொட்டி, தண்ணீர் ஊற்றும் வாய், மட்டம் காட்டும் மிதவை. கொஞ்சம் யோசித்துச் செய்த மாடல்களில் ஆறாவதாக, மிஞ்சிய நீர் வெளியேறும் வழிதுளை ஒன்றும் இருக்கும். மண் தண்ணீரில் மூழ்குவது அந்தக் காலில் மட்டும்தான். அங்கிருந்து தண்ணீர் நுண்துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே விதி.

எவ்வளவு உயரம் ஏறும் என்பதை மண் துகள்களுக்கு இடையிலான சந்துதான் முடிவுசெய்கிறது. குழாயின் விட்டம் 1 மி.மீ. என்றால் தண்ணீர் ஏறக்குறைய 3 செ.மீ. ஏறும், 0.1 மி.மீ. என்றால் 30 செ.மீ. ஏறும். இந்தத் தொட்டியில் நடக்கும் தவறுகளில் பாதி இந்தக் கணக்கை மறப்பதால் வருபவை. பருமணலை அதிகம் சேர்த்தால் சந்து பெரிதாகி, தண்ணீர் காலைத் தாண்டி மேலே வராது. களிமண் கலந்த தோட்டமண்ணைப் போட்டால் தண்ணீர் நன்றாக ஏறும், ஆனால் சந்து முழுவதையும் அதுவே அடைத்துக்கொண்டு காற்றுக்கு இடம் விடாது. ‘வடிகாலுக்கு’ என்று அடியில் ஜல்லியோ ஓட்டுத்துண்டோ போடும் பழக்கம் இங்கே முழுக்கவே தவறு. ஜல்லிக்கு நடுவே நீர்ப்பாதை அறுந்துவிடும். நீர் அறை நிரம்பியிருக்க, மேலே செடி வாடிக்கொண்டிருக்கும்.

கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 5 பங்கு, 2 முதல் 4 மி.மீ. அளவு பெர்லைட் (சூட்டில் பொரித்த, எடையற்ற வெள்ளைக் கல்துகள்) 3 பங்கு, சலித்த மண்புழு உரம் 2 பங்கு. இந்தக் கலவை பெரும்பாலான இலைச்செடிகளுக்குச் சரியாக வரும். உள்தொட்டி 6 லிட்டர் பிடிக்கும் என்றால் முறையே 3, 1.8, 1.2 லிட்டர். கலக்கும்போது கன அளவு சற்றுக் குறையும் என்பதால் ஒரு கைப்பிடி கூடுதலாக வைத்துக்கொள்ளவும். கோகோபீட்டை ஊறவைத்து, வடியும் நீரின் காப்பி நிறம் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அலசாத கோகோபீட்டில் உப்பு இருக்கும். அடியிலிருந்தே தண்ணீர் ஏறும் தொட்டியில் அந்த உப்பு வெளியேற வழியே இல்லை. காலுக்குள் மண்புழு உரம் போட வேண்டாம். அது எப்போதும் மூழ்கியிருக்கும் இடம், உரம் அங்கே நொதித்து நாறும். ஈரமான கோகோபீட்டை மட்டும் விரலால் அழுத்தி, இடைவெளி விடாமல் அடைக்க வேண்டும். மற்ற இடங்களில் மண்ணை அழுத்தக் கூடாது, காலில் மட்டும் அழுத்தியே ஆக வேண்டும்.

நட்டவுடன் நீர் அறையை நிரப்பிவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று எண்ண வேண்டாம். முதலில் மேலிருந்து ஊற்றி மண் முழுவதையும் நனைக்க வேண்டும். காய்ந்த கலவையில் தண்ணீர் சீராக ஏறாது. நாற்றின் வேர் கீழே இறங்கும்வரை, இரண்டு மூன்று வாரங்களுக்கு, மேலிருந்தே தண்ணீர் தருவது நல்லது.

இனி வேருக்கு வருவோம், சிக்கலெல்லாம் அங்கேதான். வேரும் மூச்சுவிடுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதோடு ஒப்பிட்டால் தண்ணீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணின் சந்துகள் எல்லாம் தண்ணீரால் அடைபட்டால், வேரைச் சுற்றியிருந்த ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும், புதிதாக வந்து சேராது. சூடு கூடக்கூட நிலைமை இரண்டு பக்கமும் மோசமாகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மி.கி. ஆக்சிஜன் கரையும், 35 டிகிரியில் 7 மி.கி.தான். அதே சமயம் சூட்டில் வேரின் சுவாசம் வேகமெடுக்கிறது, தேவை கூடுகிறது. வெயிலில் வைத்த கறுப்புத் தொட்டியில் வேர் அழுகல் முந்தி வருவதற்கு இதுதான் காரணம்.

இந்தத் தொட்டியைக் காப்பாற்றுவது செடி குடிக்கும் தண்ணீர்தான். இலைத்துளைகள் வழியே நீராவிப்போக்கு நடக்க நடக்க வேர் மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. நீர் விலகிய சந்துகளில் காற்று நுழைகிறது. நீர் அறையின் மட்டம் இறங்குகிறது, வெளிக்காற்று உள்ளே வருகிறது. சுருங்கச் சொன்னால், இங்கே மோட்டாரே செடிதான். நிறையக் குடிக்கும் செடியை வைத்தால் மோட்டார் ஓடும். சேமித்து வாழும் செடியை வைத்தால் தொட்டி சேற்றுக்குட்டையாகிவிடும்.

குடிக்கும் கூட்டத்தில் முதலிடம் பீஸ் லில்லிக்கு. அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் அடித்தளத்தில், ஓடையோரங்களில் வளரும் செடி. அகன்ற, மெல்லிய இலை. மேலே மெழுகுப் பூச்சு குறைவு. நிழலில் வெளிச்சத்தைப் பிடிக்க ஏற்ற உடல், தண்ணீரைச் சிக்கனம் பிடிக்கத் தெரியாத உடல். சாதாரணத் தொட்டியில் ஒரு வேளை தவறினாலும் துவண்டு விழும் இது, செல்ஃப் வாட்டரிங் தொட்டியில் அலட்டிக்கொள்ளாமல் வளரும். கோலியஸும் அப்படித்தான்.

சேம்பு வகைகள் இதற்கும் ஒருபடி மேல். சேம்பு இலைக்காம்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள் (சாறு கையில் பட்டால் அரிக்கும், உறை போட்டுக்கொள்ளவும்). வெட்டிய முகம் பஞ்சுபோல் துளைதுளையாக இருக்கும். அதுதான் காற்றறைத் திசு. இலை வழியாக வந்த காற்றை மூழ்கிக் கிடக்கும் வேர்வரை கொண்டுபோகும் பாதை. தாமரைக் காம்பில் இதே அமைப்பைப் பெரிய குழல்களாகக் கண்ணாலேயே பார்க்கலாம். கோரை, நெல் எல்லாவற்றிலும் உண்டு. இந்தத் திசு உள்ள செடிக்கு நீர் அறை எப்போதும் நிரம்பியிருந்தாலும் கவலையில்லை. ஆனால் வண்ண இலைக் கலேடியம் பார்க்கச் சேம்புபோல் இருக்கிறதே என்று அதே கணக்குப் போடக் கூடாது. அது பருவம் முடிந்ததும் இலைகளை உதிர்த்துக் கிழங்காகத் தூங்கும். இலை இல்லையென்றால் மோட்டார் இல்லை. முதல் இரண்டு இலைகள் மஞ்சளாகும்போதே நீர் அறையைக் காலிசெய்யாவிட்டால் கிழங்கு கூழாகிவிடும்.

தக்காளி இந்தத் தொட்டியில் நன்றாகவே வரும், ஆனால் 2 லிட்டர் அறை போதாது. காய்க்கும் பருவத்தில், நல்ல வெயில் நாளில், வளர்ந்த செடி ஒரே நாளில் அதைக் காலிசெய்துவிடும். 10 லிட்டருக்குக் குறையாத அறை வேண்டும். தக்காளிக்கு இதனால் கிடைக்கும் பெரிய லாபம், பழத்தின் அடி கறுத்து அழுகும் கோளாறு குறைவது. கால்சியம் நீராவிப்போக்கின் ஓட்டத்தோடுதான் பயணம்செய்யும். இலை நிறைய ஆவியாக்குவதால் அதற்கு நிறையப் போகிறது. பழத்தின் தோலில் ஆவியாதல் குறைவு, அதனால் பழத்துக்கு மிச்சம்தான். மண் ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் குளமானால் அந்த மிச்சமும் தடைபடும். ஈரம் சீராக இருந்தால் தடை குறையும். மண்ணில் கால்சியமே இல்லையென்றால் தொட்டி என்ன செய்யும், அது வேறு விஷயம்.

வல்லாரையும் புதினாவும் ஈரம் விரும்பிகள்தான், ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. வல்லாரை மண்மேல் ஓடும் தண்டின் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பரவும் செடி. இந்தத் தொட்டியில் காய்ந்திருப்பதோ சரியாக அந்த மேல்மண். புதுக் கணுவின் வேர் பற்ற முடியாமல் கருகும். நடுவில் செழிப்பு, ஓரத்தில் வழுக்கை. இவற்றுக்கு 15 செ.மீ.க்கு மேற்படாத ஆழமற்ற மாடலை எடுக்க வேண்டும், ஈரம் மேல்வரை எட்டும். வேர் ஆழம் போகாத பெரணிகளுக்கும் அதே அளவுதான்.

மறுபக்கத்துக்கு வருவோம். கற்றாழை, ஜேட், ஸ்நேக் பிளான்ட், கள்ளி. இவற்றின் இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேமிக்கும் பெரிய செல்கள், வெளியே தடித்த மெழுகு. இலைத்துளைகளைப் பகலில் மூடிவைத்து, இரவில் திறந்து கார்பன் டைஆக்ஸைடை அமிலமாகச் சேர்த்துவைத்துக்கொள்ளும். ஜேட் சேர்ந்த கிராசுலேசியே குடும்பத்தின் பெயராலேயே இந்த முறைக்கு CAM (Crassulacean Acid Metabolism) என்ற பெயர் வந்தது. சிக்கனத்தின் அளவைப் பாருங்கள்: சாதாரண இலைச்செடி 1 கிராம் கார்பன் டைஆக்ஸைடைப் பிடிக்க 400 முதல் 500 கிராம் நீரை இழக்கும், இவை 50 முதல் 100 கிராம்தான். ஆக, மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில்கூட ஓடாது. மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். முதலில் நுனிவேர்கள் போகும், பிறகு தண்டின் அடி மிருதுவாகி நிறம் மாறும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

இசட் இசட் செடியும் இந்தப் பட்டியல்தான். இலைகள் பளபளப்பாக, தாராளமாக இருப்பதால் இலைச்செடி என்று ஏமாந்துபோவார்கள். மண்ணுக்கடியில் உருளைக்கிழங்குபோல் தண்ணீர்க் கிழங்குகள் இருக்கின்றன, வறட்சியைத் தாண்டுவதற்கென்றே. ஸ்பைடர் பிளான்ட்டுக்கும் வெள்ளை வெள்ளையாகச் சதைப்பற்றான வேர் உண்டு. ஆனால் அதன் இலை மெல்லியது, ஓரளவு குடிக்கும். அதனால் வைக்கலாம், நீர் அறையைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், காலியானபின் நான்கைந்து நாள் விட்டு நிரப்பினால் சமாளிக்கும்.

ரோஸ்மேரியின் குறுகிய இலையைத் திருப்பிப் பாருங்கள். ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டு, அடியில் வெள்ளை மயிர் அடர்ந்திருக்கும். இலைத்துளைகள் அந்த மயிருக்குள் ஒளிந்திருக்கின்றன. அரளி இலையின் அடிப்பக்கத்திலும் இலைத்துளைகள் தனித்தனிக் குழிகளுக்குள், மயிர் சூழ இருக்கும். வீசும் வறண்ட காற்று நேரே படாமல் தடுக்கும் ஏற்பாடு. இப்படித் தண்ணீரைக் காக்கக் கட்டிய இலை கண்ணில் பட்டால் இந்தத் தொட்டியை அந்தச் செடிக்கு யோசிக்கும்முன் ஒருமுறை நிதானிக்க வேண்டும். அரளி வேர் பரவலான நிலைமைகளைத் தாங்கும், பிழைத்துக்கொள்ளும். ரோஸ்மேரி தாங்காது.

மரத்தில் தொற்றி வளரும் ஆர்கிட்டுகளுக்கு இது வேண்டவே வேண்டாம். அவற்றின் வேரைச் சுற்றியிருக்கும் வெள்ளி நிற உறை வெலமன், செத்த செல்களால் ஆன பஞ்சு. மழை பட்ட உடனே உறிஞ்சிப் பச்சையாகும், பிறகு காற்றில் காயும். நனைவதும் காய்வதும் மாறிமாறி நடக்கவேண்டிய உறுப்பை நிரந்தர ஈரத்தில் புதைத்தால் வேறென்ன நடக்கும்?

இந்தத் தொட்டியில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் அறிகுறி, ஈர மண்ணில் வாடும் செடி. மிதவை நிறைவைக் காட்டுகிறது, இலை தொங்குகிறது, உடனே மேலிருந்தும் ஒரு குவளை ஊற்றிவிடுகிறார்கள். ஆக்சிஜன் இல்லாத வேரின் செல்கள் உள்ளே அமிலமாகி, தண்ணீரை உள்ளே விடும் நுண்வாயில்கள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் செடியால் குடிக்க முடியாது. தக்காளியில் இன்னொன்றும் நடக்கும்: மூச்சுமுட்டும் வேர் எத்திலீன் வாயுவின் முன்பொருளை மேலே அனுப்புகிறது, இலையில் அது எத்திலீனாக மாறி, காம்பின் மேல்பக்கத்தை வேகமாக வளரச்செய்கிறது, காம்பு கீழ்நோக்கி வளைகிறது. தாகத்தில் வாடிய இலை தொட்டால் தொளதொளவென்று இருக்கும். இந்த வளைவில் இலை விறைப்பாகவே இருக்கும், காம்பு மட்டும் தொங்கும். தொட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

சந்தேகம் தீராவிட்டால் உள்தொட்டியைத் தூக்கி, காலின் துளைகளில் எட்டிப்பார்க்கும் வேரைப் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும், எளிதில் வராது. பித்தியம் என்ற வேரழுகல் கிருமி தாக்கிய வேர் பழுப்பாக இருக்கும். இழுத்தால் வெளிப்பட்டை உறைபோல் கழன்று கையோடு வரும், நடுவில் நூல்போல ஓர் இழை மட்டும் மிஞ்சும். அப்படியானால் அழுகிய வேரை வெட்டி, நீர் அறையைக் காலிசெய்து கழுவி, புதுக் கலவையில் வைத்து, புது வேர் வரும்வரை மேலிருந்து அளவாக மட்டும் நீர் விடவேண்டும்.

பெப்பரோமியா, ஜேட் போன்றவற்றின் இலையடியில் சிறு கொப்புளங்கள் வந்து தக்கைபோல் காய்ந்தால், நோய் என்று மருந்து தெளிக்க ஓட வேண்டாம். வேர் ஏற்றுவது அதிகம், இலை ஆவியாக்குவது குறைவு. செல்கள் வீங்கி வெடித்திருக்கின்றன. காற்றோட்டமும் வெளிச்சமும் கூட்டி, நீர் அறையைக் காயவிட்டால் புது இலைகளில் வராது. விடிகாலையில் சேம்பு, தக்காளி இலை ஓரங்களில் முத்துமுத்தாகத் தண்ணீர் நிற்பது இதோடு சேர்ந்ததல்ல. அது வேரழுத்தத்தால் இலை ஓரத் துளைகள் வழியே கசியும் நீர், கெடுதல் இல்லை. ஆனால் அந்தத் துளி காய்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நின்றால் மண்ணில் உப்பு கூடுகிறது என்று பொருள்.

உப்பு இந்தத் தொட்டியின் பிறவிக் குறை. தண்ணீர் மேல்நோக்கி மட்டும் போகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு மேல்மண்ணில் தங்குகிறது. வெள்ளைப் படலம் தெரிந்தால் மேலே 2 செ.மீ. மண்ணைச் சுரண்டி எடுத்துப் புதுக் கலவை போடவும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உள்தொட்டியை வெளியே எடுத்து, தொட்டியின் கொள்ளளவைப்போல் இருமடங்கு நல்ல தண்ணீரை மேலிருந்து மெல்ல ஊற்றி, முழுவதும் வடியவிட்டுத் திரும்ப வைக்கவும். திரவ உரத்தை நீர் அறையில் ஊற்றுவதானால் லேபிளில் சொன்னதில் கால் பங்கு போதும். ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா இலைநுனி பழுப்பாவதற்கு உப்பும் ஃபுளூரைடும் காரணமாகலாம். கடின நீர் வரும் இடத்தில் இந்த அலசல் வேலையைத் தள்ளிப்போட முடியாது. பூச்சிதின்னிச் செடிகளுக்கு, சத்தில்லாத சதுப்பில் வளர்ந்து பழகியவை என்பதால், அடியீரம் பிடிக்கும். உரமில்லாத கலவையும் மழைநீரும் மட்டுமே தர முடியுமென்றால் வைக்கலாம்.

தொட்டியின் கட்டுமானத்தைப் பற்றிக் கொஞ்சம். மிதவைதான் முதலில் கெடும் உறுப்பு. அதன் குழாய்க்குள் வேர் புகுந்தாலோ சுண்ணாம்பு படிந்தாலோ ஒரே இடத்தில் சிக்கி, காலியான அறையை நிறைவென்று காட்டும். குழாயைக் கழற்ற முடிகிற மாடலாக வாங்கவும். ஒளி புகும் நீர் அறை பார்க்க அழகு, உள்ளே பாசி பிடிக்கும்; ஒளி புகாததே நல்லது. வெயிலில் வைப்பதானால் வெளிர் நிறம். ஊற்றும் வாய்க்கு மூடி இல்லாத தொட்டியை வாங்கவே வேண்டாம். தேங்கிய நல்ல நீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம், வழிதுளைக்கும் மெல்லிய வலை ஒட்டிவிடவும். வழிதுளை இல்லாத மாடல் மழை படும் இடத்துக்கு உதவாது. ஒரே மழையில் காலைத் தாண்டி உள்தொட்டியின் பாதிவரை மூழ்கிவிடும்.

கயிற்றுத் திரி வைத்த மலிவு வகைகளும் வேலை செய்யும், சிறு தொட்டிகளுக்கு மட்டும். பருத்திக் கயிறு செல்லுலோஸ், நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். 6 முதல் 8 மி.மீ. பாலியெஸ்டர் கயிறாக மாற்றி, நனைத்த பிறகே மண்ணில் பதிக்கவும். 20 செ.மீ. தொட்டிக்கு இரண்டு திரி. மண்ணில் செருகும் சுட்டமண் கூம்பு வகையில் நுண்துளை அடைத்துக்கொண்டே இருக்கும். தொங்கு தொட்டிக்குத் தவிர வேறெதற்கும் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

அறை நிரப்பும் இடைவெளிக்குப் பெட்டியில் போட்டிருக்கும் நாள் கணக்கை நம்ப வேண்டாம். காலையில் தொட்டியை எடை போட்டு, மறுநாள் அதே நேரம் மறுபடி போடுங்கள். குறைந்த கிராம்தான் மில்லிலிட்டர் கணக்கில் ஒரு நாள் செலவு. 2,000 மி.லி. அறையை அதனால் வகுத்தால் நாள் கிடைக்கும், அதோடு ஒன்றிரண்டு நாள் அறை காய்ந்திருக்க விட்டு நிரப்பவும். செடியை ஜன்னலோரத்திலிருந்து அறை மூலைக்கு நகர்த்தினாலும், மழைக்காலம் தொடங்கினாலும், பாதி இலையைக் கத்தரித்தாலும் அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.